பளிச்சென்று கழுவிய புண்

இருபத்திரண்டு வருஷமாகப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவளுக்குப் புண்ணைக் கண்டாலே குமட்டும் என்றால் யார் நம்புவார்கள்? அவள் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் ரகசியத்தை வெளியே விடுகிற ஆளில்லை. வீட்டுக்குள்ளேயே வைத்து வறுத்தெடுப்பார்.

"மீன் விக்கிறவளுக்கு மீன் நாத்தம் ஆகாதுன்னா வேற கடைதான் போடணும்."

"போட்டுக் குடுங்க, வந்து உக்காருறேன்."

கடையும் வரவில்லை, குமட்டலும் போகவில்லை.

நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்தது அவள் அப்பா. மகளுக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வராது என்பது அவர் கட்சி. அது உண்மைதான், ரத்தம் அவளை ஒன்றும் செய்யாது. சீழ்தான் செய்யும். வார்டில் முதல் நாள் ஒரு தீக்காயத்தைப் பார்த்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடியவளிடம் தலைமை நர்ஸ், "உள்ள இருக்கறதெல்லாம் கொட்டியாச்சா? சரி வா, இனிமே கொட்ட ஒண்ணும் இருக்காது" என்றாள். அன்றைக்குக் கற்ற பாடங்கள் இரண்டு. வாயால் மூச்சு விடுவது ஒன்று. முகமூடியின் உள்பக்கம் விரல்நுனி அளவு தலைவலித் தைலம் தடவிக்கொள்வது இன்னொன்று. தைலம் மூக்குக்கு நேரே ஒரு சுவர் கட்டிவிடும். அதற்குப் பிறகு எலி செத்தாலும் சரி, மல்லிகை மலர்ந்தாலும் சரி, எல்லாம் ஒரே தைலம்தான்.

அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் வேலை பார்ப்பது அழகாக இருக்கும். அருவருப்பு இருக்கிறவளுக்குத்தான் சுத்தம் இத்தனை வெறியாக வரும். புண்ணில் ஒரு பொட்டு அழுக்கு விடமாட்டாள். ஓரத்தில் ஊறிப்போன தோலைக் கத்தரித்து, உள்ளே தேங்கியதை அழுத்தி எடுத்து, உப்புநீர் விட்டு மூன்று தடவை கழுவி, ஒற்றி எடுத்தால், புதுத் தட்டு மாதிரி இருக்கும். சின்ன ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயரே பளிச் அக்கா.

சின்ன ஆஸ்பத்திரி என்பது ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், மருந்து கொடுக்க ஒருவர், ஒழுகுகிற ஒரு குழாய். கட்டுப் போடும் அறையில், நனைந்த துணியைப் போடும் வாளிக்கு மூடி உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. மூடி கேட்டு ஏழு தடவை எழுதியாயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் கேட்காமலே வந்தது.

அது வந்ததன் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தூரம். அங்கே ஒரு நிபுணரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இனி அப்படி வேண்டாம், சின்ன ஆஸ்பத்திரி டாக்டரே நோயாளியின் படத்தையும் ஒரு கேள்வியையும் கம்ப்யூட்டரில் அனுப்பினால் நிபுணர் இரண்டு நாளில் பதில் எழுதுவார் என்றார்கள். முதல் வருஷம் அது வரமாகத்தான் இருந்தது. உடம்பெல்லாம் தடித்துப்போன ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வந்து, அந்தத் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அதற்கு "மேல அனுப்புறது" என்று பேர். "அந்தப் பாட்டியை மேல அனுப்பியாச்சா?" என்று மருந்து கொடுப்பவர் சத்தமாகக் கேட்பார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "இங்கதாண்டா இருக்கேன், கடங்காரா" என்று கத்துவாள்.

பிறகு பட்டியல் வந்தது. எந்தச் சின்ன ஆஸ்பத்திரி எத்தனை பேரை நேரில் அனுப்பாமல் கம்ப்யூட்டரிலேயே முடித்தது என்று மாதாமாதம் ஒரு பட்டியல். நேரில் அனுப்பினால் தரம் இறங்கும், அனுப்பாவிட்டால் ஏறும். அதாவது ஓர் ஆஸ்பத்திரி யாரையும் எங்கேயும் போகவிடாமல் வைத்திருப்பதில் முதலிடம் வாங்கலாம். இவர்கள் ஆஸ்பத்திரி வாங்கியது. டாக்டர் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். அவர் இளவயசு, கெட்டவரில்லை. அடுத்த வருஷம் மேல்படிப்புக்குப் போக வேண்டியவர். போகிறவருக்குச் சுவரில் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

முதலிடத்தில் பளிச் அக்காவுக்கும் பங்குண்டு. படம் எடுப்பவள் அவள்தானே. பச்சைத் துணி விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி காலைத் திருப்பி வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன அளவுகோலை ஒட்டி, கை ஆடாமல் எடுப்பாள். பெரிய ஆஸ்பத்திரியின் கால் நிபுணர் ஒருமுறை "மிகச் சிறந்த படம்" என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் மற்ற ஊர் நர்ஸுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் அந்த வேலை பிடித்துப்போயிற்று. திரையில் இருக்கும் புண் நாறாது, ஒழுகாது, சுடாது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு புண்ணை அவள் வயிறு புரளாமல் உட்கார்ந்து பார்த்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் வேன் அண்ணன் வந்தார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாற்பத்தாறு வயசு, சர்க்கரை பத்து வருஷம். வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு புண். செருப்புக்குள் ஒரு கல் கிடந்து நாள் முழுக்கக் குத்தியிருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் சாயங்காலம் செருப்பைக் கழற்றித் தட்டியபோதுதான் தெரிந்திருக்கிறது. வலது கால் என்றால் அவருக்கு பிரேக். பிரேக் போனால் வேன் போகும், வேன் போனால் வீடு எப்படி ஓடும் என்று அவருக்குத் தெரியாது. வேறு வேலை எதுவும் அவர் பார்த்ததில்லை.

"சிஸ்டர், கால எடுத்துடுவாங்களா?" என்று முதல் நாளே கேட்டார்.

"எடுத்து வச்சிக்க எங்க இடம் இருக்கு அண்ணே? சும்மா இருங்க."

கழுவினாள். படம் எடுத்தாள். துணிகளை வாளியில் போட்டுவிட்டுக் கை கழுவி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் படிவத்தில் முதலில் படத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அடுத்த பக்கத்தில் கட்டங்கள். திரையில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே நிரப்பினாள். கசிவு: இல்லை. துர்நாற்றம்: இல்லை. நூற்றுக்கணக்கான முறை அப்படித்தான் நிரப்பியிருக்கிறாள். டாக்டர் ஒரு கையில் பிஸ்கட்டோடு வந்து, மறு கையால் அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

பதில் வந்தது. "படம் தெளிவாக உள்ளது. காயம் சுத்தமாக உள்ளது. தற்போதைய மருந்தைத் தொடரவும். நேரில் பார்க்கத் தேவையில்லை."

அடுத்த வாரம் புண் கொஞ்சம் அகலமாக இருந்தது. மறுபடி அனுப்பினார்கள். அதே நாலு வாக்கியம், அதே வரிசையில். அதற்கடுத்த வாரமும் அதே. முற்றுப்புள்ளிக்குப் பின்னால் விடுபட்ட ஓர் இடைவெளிகூட மூன்றிலும் ஒரே இடத்தில் விடுபட்டிருந்தது. ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் எடுத்து ஒட்டுகிறார். எச்சில் தட்டைக் கழுவாமல் அடுத்த ஆளுக்கு வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனால் "சுத்தமாக உள்ளது" என்ற வார்த்தை தன்னைப் பற்றியது போலவும் இருந்தது. அதனால் சும்மா இருந்தாள்.

நாலாவது முறை வேன் அண்ணனோடு அவர் மனைவியும் வந்தாள். மெலிந்த உடம்பு, கூர்மையான வாய். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, வீட்ல படுக்க முடியல. ஜன்னலத் திறந்து வச்சாலும் போக மாட்டேங்குது. பக்கத்து வீட்டுக்காரங்க எலி செத்துக் கெடக்கான்னு வந்து தேடிட்டுப் போறாங்க."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா. நாத்தம் இல்லைன்னுதானே நான் போட்டிருக்கேன்."

"எங்க போட்டிருக்கீங்க?"

"கம்ப்யூட்டர்ல."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். "கம்ப்யூட்டருக்கு மூக்கு இல்ல சரி. உங்களுக்கு என்னக்கா ஆச்சு? இப்ப இந்த ரூம்லயே அடிக்குதே."

"ஏய், சும்மா இரு" என்றார் வேன் அண்ணன். "சிஸ்டரு எவ்ளோ பாக்குறாங்க."

பளிச் அக்கா முகமூடியைக் கீழே இழுத்தாள்.

வாயை மூடிக்கொண்டு, மூக்கால், ஒரே ஒரு மூச்சு. கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை. துணிக்குள்ளிருந்தே வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்து, தொண்டையில் கொழுப்பு மாதிரி படிகிற நாற்றம். குழாயடிக்குப் போவதற்குள் காலையில் சாப்பிட்டது எல்லாம் வந்துவிட்டது. ஒழுகுகிற அந்தக் குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டே அவள் கணக்குப் பார்த்தாள்: மூன்று வாரம். அவர் வீட்டிலிருந்து இந்தப் படுக்கை வரைக்கும் எல்லோரும் மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள். பார்க்க வேண்டியவள் தைலத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அழுத்தி எடுத்துக் கழுவி வாளியில் கொட்டியதுதான் நோய். மிச்சமிருந்த அழகான குழியைத்தான் மேலே அனுப்பியிருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்களே, அதை அவள் மாசத்துக்கு நாற்பது தடவை செய்திருக்கிறாள், பாராட்டும் வாங்கியிருக்கிறாள்.

திரும்பி வந்து கட்டைப் பிரித்தாள். கழுவவில்லை. பச்சைத் துணி விரிக்கவில்லை. மஞ்சளும் சாம்பலுமாக ஊறியிருந்த துணியோடு, பாதத்தில் வழிந்துகொண்டிருந்ததோடு, அப்படியே எடுத்தாள். கசிவு: அதிகம். துர்நாற்றம்: கடுமையானது. குறிப்பு எழுதும் கட்டத்தில், "முந்தைய மூன்று படங்களும் கழுவிய பின் எடுத்தவை. அவற்றை நம்ப வேண்டாம். நேரில் பார்க்க வேண்டும்" என்று எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது.

"படம் தெளிவாக இல்லை. காயத்தைச் சுத்தம் செய்து மீண்டும் அனுப்பவும்."

அவள் அதை மூன்று தடவை படித்தாள். பிறகு எழுந்து டாக்டர் அறைக்குப் போனாள்.

"இப்படியா சிஸ்டர் படம் அனுப்புவீங்க?" டாக்டர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நம்ம படம்னா அங்க ஒரு மரியாதை இருக்கு."

"சார், அவருக்கு கால் அழுகுது. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, நேர்ல அனுப்பிடலாம்."

"நிபுணரே மூணு தடவை தேவையில்லைன்னு எழுதியிருக்காரு. அவரை மீறி நான் எப்படி எழுதறது? கழுவி இன்னொரு படம் அனுப்புங்க. ரெண்டு நாள் பாக்கலாம்."

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாமா சார்? அப்பத்தானே பட்டியல் வரும்?"

டாக்டர் கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. ஆனால் பேனாவை எடுக்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால் சான்றிதழ் கொஞ்சம் கோணலாகத் தொங்கியது. அவளுக்கு அதைப் பார்க்கவே கூசியது. அதில் பாதி தன்னுடையது என்பதால் இன்னும் கூசியது.

மறுநாள் காலை வேன் அண்ணன் மனைவி போன் செய்தாள். "அக்கா, பெருவிரல் கறுத்துப்போச்சு. காய்ச்சல் வேற. என்ன பண்ணட்டும்?"

பளிச் அக்கா லீவு சொன்னாள். வேன் அண்ணனின் மச்சான் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அதே வேனைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கான குட்டி சீட்டுகளில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு போனார்கள். வேன் அண்ணன் பின்னால் நீள சீட்டில் படுத்திருந்தார். வளைவில் மச்சான் திடீரென்று பிரேக் போட்டபோது காய்ச்சலிலும், "மெதுவா மிதிடா, அது என்ன மாமியார் வீட்டுக் கதவா?" என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியின் கூடத்தில் நூறு பேர் இருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நோயாளி எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கேஸ் முடிஞ்சிருச்சே. நேர்ல பாக்கத் தேவையில்லைன்னு டாக்டரே எழுதியிருக்காரு."

"நான்தாம்மா அதை அனுப்புன நர்ஸ். தப்பாப் போயிருக்கு. அவரு ஒரு தடவை வந்து பாத்தாப் போதும்."

"கழுவி படம் அனுப்பச் சொல்லியிருக்காரே, அனுப்புனீங்களா?"

"ஆளையே கொண்டுவந்திருக்கேன். படம் எதுக்கு?"

"படம் இருந்தாத்தான் மறுபடி திறக்கும். இப்ப வழியே இல்லக்கா, புரிஞ்சிக்கோங்க." அந்தப் பெண் கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசம். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வேன் அண்ணன் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியைப் பளிச் அக்கா கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். குனிந்து, "அண்ணே, ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க" என்றாள். கட்டைப் பிரித்தாள்.

முதல் வரிசை எழுந்தது. அப்புறம் இரண்டாவது. ஒரு அம்மா குழந்தையின் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். யாரோ, "அட ச்சீ, என்ன இது மனுஷங்க இருக்கிற எடத்துல!" என்று கத்தினார்கள். காவலாளி இரண்டு அடி வந்து, நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பேசும் துவாரத்தைக் காகிதம் வைத்து அடைத்தாள். வேன் அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் நகரவில்லை. கணவனின் தோளில் கை வைத்து எல்லோரையும் முறைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருங்க இங்க கட்டைப் பிரிச்சது?"

கால் நிபுணர். கையில் போன். ஐம்பது வயசுக்காரர், தூங்காத கண்கள். திட்ட வந்தவர் காலைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டார். மண்டியிட்டு, கையுறை மாட்டி, விரலுக்கு மேலே அழுத்தினார். தோலுக்கடியில் ஏதோ நெறுநெறுத்தது. "ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க. இப்பவே" என்றார் யாரிடமோ. பிறகு அவளிடம், "எத்தனை நாளா இப்படி? ஏன் அனுப்பல?"

"நாலு தடவை அனுப்புனேன் சார். மூணு தடவை சுத்தமா இருக்குன்னு எழுதுனீங்க. ஒரு தடவை சுத்தம் பண்ணி அனுப்புன்னு எழுதுனீங்க."

அவர் போனை மறுபடி எடுத்துத் தேடினார். நின்ற இடத்திலேயே நாலு பதிலையும் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எண்பது வருது. ரெண்டு ஆபரேஷனுக்கு நடுவுல, படிக்கட்டுல நின்னு பாக்குறேன்." போனை அவள் பக்கம் திருப்பினார். "ஆனா பாருங்க, கசிவு இல்லை, நாற்றம் இல்லைன்னு நீங்க போட்டிருக்கீங்க. படம் பொம்மை மாதிரி இருக்கு. நான் வேற என்ன எழுதுவேன்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருடைய வாக்கியம் எடுத்து ஒட்டியது. அவளுடைய "இல்லை"யும் எடுத்து ஒட்டியதுதான்.

சாயங்காலம் நாலு மணிக்கு நிபுணர் வெளியே வந்தார். கட்டைவிரலும் பக்கத்து விரலும், அவற்றுக்குப் பின்னால் இருந்த எலும்பும் போய்விட்டன. பாதம் நிற்கும். நடக்கலாம். பிரேக்கைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். இரண்டு வாரம் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே போயிருக்கும் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அவர் போனதும் பளிச் அக்கா வேன் அண்ணன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தைலம், முகமூடி, கழுவியது, கழுவிய பிறகு கட்டங்களை நிரப்பியது, ஒன்றையும் விடவில்லை.

"பரவால்லக்கான்னு நான் சொல்லணுமா?" என்றாள் அந்தப் பெண்.

"வேணாம்மா."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்றீங்க? கால் அவரோடது. கண் முழிச்சதும் உள்ள போய் அவர்கிட்ட சொல்லுங்க."

ஆறு மணிக்கு உள்ளே விட்டார்கள். வேன் அண்ணன் முழித்திருந்தார். வலது பாதத்தைச் சுற்றி ஒரு பெரிய வெள்ளைப் பொதி. அவளைக் கண்டதும் கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தார்; ஊசி குத்திய கை பாதியில் நின்றுவிட்டது. அவள் கட்டில் பக்கம் நின்று அதே விஷயத்தை இரண்டாவது முறை சொன்னாள். இந்த முறை குறைவான வார்த்தைகளில்.

அவர் கண்ணைக் கூரைக்குத் திருப்பினார்.

"என் பொஞ்சாதி மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் சோறு போட்டா" என்றார். "வேன்ல புள்ளைங்க வாந்தி எடுத்துச்சுங்க. நீங்க ஒருத்திதான் முகத்தச் சுளிக்காம என் கால மடியில வச்சிக் கழுவுனீங்க. வீட்ல போய் அதத்தான் சொல்லிட்டிருந்தேன், பொறப்புன்னா அப்படிப் பொறக்கணும்னு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"போதும் சிஸ்டர். நாளைக்கு கட்டு மாத்தணுமாம். இங்க இருக்கிற பொண்ணு யாரையாச்சும் மாத்தச் சொல்லுங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கட்டில் காலடியில் இருந்த அட்டையை எடுத்து, கட்டு மாற்ற வேண்டிய நேரத்தைப் பார்த்து, வார்டு நர்ஸிடம் போய்ச் சொன்னாள். காலை எட்டு மணி. பிரித்தவுடன், கழுவுவதற்கு முன்னால், முதலில் மோந்து பார்க்க வேண்டும் என்றாள். வார்டு நர்ஸ் சின்னப் பெண். முகத்தைச் சுளித்தாள்.

"ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்றாள் பளிச் அக்கா. "அதையும் எழுதிக்கோ."